நாற்பது பேருக்கு நாற்பது கோப்பை: கிறிஸ்துமஸ் பரிசு பரணுக்குப் போகாமல் இருக்க

கேள்வி: எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தில் 40 பேர் இருக்கிறோம். வருஷா வருஷம் கிறிஸ் மாம் – கிறிஸ் சைல்ட் விளையாட்டில் (சீட்டில் வந்த பெயருக்குரியவருக்கு ரகசியமாகப் பரிசு கொடுப்பது; கொடுக்கிறவர் மாம், பெறுகிறவர் சைல்ட்) ஆளுக்கு 300 ரூபாய்க்குப் பரிசு வாங்குகிறோம். கோப்பை, போட்டோ பிரேம், டெட்டி பொம்மை என்று வந்ததே திரும்ப வருகிறது. பாதி பிரிக்காமலே பரணில் கிடக்கிறது. வீட்டாருக்கும், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும், குழந்தைகள் இல்லத்துக்கும் கொடுப்பதிலும் இதே கதைதான். பரிசு கொடுப்பதை நிறுத்தாமல், வீணாவதை மட்டும் எப்படிக் குறைப்பது?

பதில்: இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில் பளபளப்புத் தாளை விடுங்கள், பிளாஸ்டிக் பையை விடுங்கள் என்பதுதான். விடலாம். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால், இந்த வருஷம் பழுப்புத் தாள் சுற்றிய 40 கோப்பைகள் பரணுக்குப் போகும், அவ்வளவுதான். அதிகம் வீணாவது உறை இல்லை, உள்ளே இருக்கும் பொருள். கொடுக்கிறவருக்குப் பெறுகிறவரைப் பற்றி ஒன்றும் தெரியாததால்தான் அது வீணாகிறது. ஆகவே கடைக்குப் போகும் முன்னாலேயே வேலை ஆரம்பிக்க வேண்டும்.

1993-இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம், கிறிஸ்துமஸுக்கு வந்த பரிசுகளை நீங்களே வாங்கியிருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பீர்கள் என்று கேட்டுக் கணக்குப் போட்டார். செலவான பணத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பெற்றவர் கண்ணில் மதிப்பில்லாமல் கரைந்துபோகிறது என்பது அவர் முடிவு. நெருங்கிய நண்பர்கள் கொடுத்ததில் இழப்பு குறைவு, எப்போதாவது பார்க்கும் உறவினர் கொடுத்ததில் அதிகம். பரிசோடு வரும் பிரியத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை என்று பிறகு அவரோடு மல்லுக்கு நின்றவர்களும் உண்டு, அது நியாயமான மறுப்புதான். இருந்தாலும் உங்கள் குழுவின் 12,000 ரூபாய்க்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1,200 முதல் 4,000 ரூபாய் வரை பரணுக்குப் போகிறது.

முதல் வேலை, பெயர்ச் சீட்டை மாற்றுவது. இப்போது சீட்டில் பெயர் மட்டும்தான் இருக்கும். அதன் கீழே மூன்று வரி சேருங்கள்: வீட்டில் தீர்ந்துபோனதோ, உடைந்ததோ, வாங்கவேண்டும் என்று தள்ளிப்போட்டதோ ஒன்று, ஏற்கெனவே இருப்பதால் வேண்டவே வேண்டாத ஒன்று, சாப்பிடக் கூடாதது ஏதாவது உண்டா (சர்க்கரை நோய், வேர்க்கடலை அலர்ஜி, முட்டை சாப்பிடாதவர்). இரண்டாவது வரியைச் சேர்க்கத் தவறாதீர்கள். என்ன வேண்டும் என்று எழுதக் கூச்சப்படுகிறவர்கள்கூட ‘கோப்பை வேண்டாம், ஐந்து இருக்கிறது’ என்று கூச்சமில்லாமல் எழுதிவிடுவார்கள்.

எங்கே சறுக்கும் என்றால், பாதிப் பேர் முதல் வரியில் ‘எதுவானாலும் சந்தோஷம்’ என்று எழுதித் தருவார்கள். அப்படி எழுதிய சீட்டை வாங்கக் கூடாது. ‘உனக்கு என்ன பிடிக்கும்?’ என்று கேட்டால் நம் ஊரில் யாரும் நேராகப் பதில் சொல்லமாட்டார்கள். ‘உன் வீட்டில் கடைசியாக உடைந்தது என்ன?’ என்று கேளுங்கள். குடைக் கம்பி, டிபன் பாக்ஸின் மூடிக் கொக்கி, சைக்கிள் பூட்டு, மூக்குக்கண்ணாடிக் கூடு என்று வரிசையாக வரும். 300 ரூபாய்க்குள் அடங்கும் பரிசுகள் பெரும்பாலும் அந்த வரியில்தான் ஒளிந்திருக்கும்.

சீட்டுக் குலுக்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 40 சீட்டைப் பெட்டியில் போட்டு ஆளுக்கொன்று எடுத்தால், குறைந்தது ஒருவராவது தன் பெயரையே எடுக்கும் வாய்ப்பு சுமார் 63 விழுக்காடு. பத்துப் பேரானாலும் நூறு பேரானாலும் இது ஏறக்குறைய மாறாது. அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒருவர் சீட்டைத் திரும்பப் போட, நாலு பேர் ரகசியம் உடைந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. விளையாட்டில் சேராத ஒருவர், போதகரம்மா என்று வைத்துக்கொள்வோம், 40 சீட்டையும் நன்றாகக் கலைத்து, மாலை கோப்பதுபோல வரிசையாக அடுக்கட்டும். முதல் ஆள் இரண்டாமவருக்கு, இரண்டாமவர் மூன்றாமவருக்கு, கடைசி ஆள் முதலாமவருக்கு. தன் பெயர் தனக்கு வரவே வராது. அண்ணன் தம்பியோ கணவன் மனைவியோ அடுத்தடுத்து விழுந்தால் ஒரு சீட்டை இடம் மாற்றினால் போதும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. டிசம்பர் நடுவில் யாராவது வேலை கிடைத்து பெங்களூருக்குப் போய்விட்டால், அவருக்கு முன்னால் இருப்பவர் அவருக்குப் பின்னால் இருப்பவருக்குக் கொடுப்பார். சங்கிலியில் ஒரு வளையத்தைக் கழற்றி மறுபடி கோத்ததுபோல ஆகிவிடும், பரிசில்லாமல் யாரும் நிற்கமாட்டார்கள்.

குலுக்கலை அட்வெந்து காலத்தின், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆயத்த வாரங்களின், முதல் ஞாயிறன்று வைத்துக்கொள்ளுங்கள். அது எப்போதும் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் விழும். பரிசு வாங்கக் குறைந்தது மூன்று வாரம் கிடைக்கும். டிசம்பர் 20-க்குப் பிறகு கடைக்கு ஓடுகிறவர்கள்தான் கோப்பை வாங்குகிறார்கள்.

விலைக்கு மேல்வரம்பு மட்டும் வைக்காமல் 250 முதல் 300 வரை என்று கீழ்வரம்பும் வையுங்கள். மேல்வரம்பு மட்டும் இருந்தால் ஒருவர் 90 ரூபாயில் முடித்துவிடுவார், இன்னொருவர் 300-ஐத் தாண்டுவார், ஜனவரி வரை முணுமுணுப்பு இருக்கும். 100 ரூபாய் என்று வரம்பைக் குறைப்பது சிக்கனம்போலத் தோன்றும், ஆனால் அந்த விலையில் கிடைப்பது பெரும்பாலும் அலங்காரச் சாமான்தான், குப்பை கூடத்தான் செய்யும். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு விதிவிலக்கும் சொல்லிவிடுங்கள்: கையால் செய்தது, வீட்டில் விளைந்தது, தான் படித்து முடித்த நல்ல புத்தகம், இவற்றுக்கு விலைக் கணக்கு கிடையாது. இதை வெளிப்படையாக அறிவித்தால்தான் வசதியில்லாதவர் கடன் வாங்கிப் பரிசு வாங்கமாட்டார்.

விளையாட்டு நடக்கும் மூன்று வாரமும் கிறிஸ் மாம் தன் பிள்ளைக்குத் தினம் ஒரு சாக்லேட், ஒரு கீ செயின், ஒரு ஸ்டிக்கர் என்று ரகசியமாக அனுப்புவது வழக்கம். கடைசி நாள் பரிசைவிட இதில் சேரும் குப்பை அதிகமாக இருக்கலாம். இதற்குப் பதில் ஒரு வசனச் சீட்டு, ஒரு விடுகதை, ‘இன்று உன் பாட்டிக்குப் போன் செய்’ என்பதுபோல ஒரு வேலை என்று அனுப்பச் சொல்லுங்கள். ரகசியம்தான் அந்த விளையாட்டின் ருசி. சாக்லேட் இல்லாவிட்டாலும் அது கெடாது.

சரி, எதைக் கொடுப்பது? தீர்ந்துபோகிற பொருள் அல்லது தேய்ந்துபோகிற பொருள். உடங்குடிக் கருப்பட்டி, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் (2020-இல் புவிசார் குறியீடு பெற்றது), மார்த்தாண்டம் தேன், நல்ல ஈரிழைத் துண்டு, பவானி ஜமுக்காளம், மணப்பாட்டு ஓலைப்பெட்டி. இவற்றில் எது யாருக்கு என்பதைச் சீட்டின் மூன்றாவது வரி சொல்லும். சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டி கொடுத்துவிட்டு ‘இது நாட்டுச் சர்க்கரைதானே’ என்று சமாளிக்க வேண்டாம், கருப்பட்டியும் சர்க்கரைதான். மழைக்காலத்தில் கருப்பட்டி ஈரத்தை இழுத்துக் கசியும். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் கசிந்த நீர் வெளியேற வழியில்லாமல் பிசுபிசுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். காகிதத்தில் சுற்றி ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தால் அடுப்படியில் ஒரு மூலையில் மாதக்கணக்கில் இருக்கும். அந்த ஓலைப்பெட்டியையே கொடுக்கும் முன் ஒரு மணி நேரம் வெயிலில் காயவைக்க வேண்டும். கடையில் மழைக்காலம் முழுக்க அடுக்கியிருந்த பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் இருந்தாலும் இருக்கும்.

பெயர் அச்சிட்ட பொருளை வாங்கவே வாங்காதீர்கள். பெயர் போட்டால் நெருக்கம் கூடும் என்று கடைக்காரர் சொல்வார். பெற்றவருக்கு வேண்டாம் என்றால் அதை வேறு யாருக்கும் தர முடியாது, விற்கவும் முடியாது. போட்டோ பதித்த கோப்பையும் தலையணையும் ஆண்டுக்கணக்கில் பரணில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

‘சூழலுக்கு உகந்தது’ என்று ஒட்டியிருக்கும் பொருள்களிலும் இதே வலை இருக்கிறது. மூங்கில் பிரஷ், எவர்சில்வர் உறிஞ்சுகுழல், துணிப்பை, ஸ்டீல் தண்ணீர் பாட்டில். ஒவ்வொரு வீட்டிலும் இப்போது துணிப்பை பத்து இருக்கும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 131 முறை பயன்படுத்தினால்தான், ஒரே முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதல் கணக்கில் அது மேலானது. பதினொன்றாவது பை கதவுக் கொக்கியிலிருந்து இறங்கவே போவதில்லை. இல்லாத வீட்டுக்கு மஞ்சப்பை நல்ல பரிசு. அதைத் தெரிந்துகொள்ளவும் சீட்டின் இரண்டாவது வரியைத்தான் பார்க்க வேண்டும்.

வேலையைப் பரிசாகத் தருவதும் நல்லதுதான், ஆனால் பெரும்பாலும் சொதப்பும். ‘உனக்கு எப்போது வேண்டுமானாலும் கணக்குப் பாடம் சொல்லித் தருகிறேன்’ என்று அட்டையில் எழுதிக் கொடுத்தால் யாரும் வந்து கேட்கமாட்டார்கள், கேட்கக் கூச்சம். நாளும் அளவும் எழுதுங்கள்: ‘ஜனவரியில் மூன்று சனிக்கிழமை, சாயங்காலம் 5 முதல் 6 வரை, நானே வீட்டுக்கு வருவேன்’. கைக்குழந்தை இருக்கும் அக்காவுக்கு ‘டிசம்பர் 28, காலை 10 முதல் 1 வரை பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் தூங்குங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு ஈடாக 300 ரூபாயில் கடையில் ஒன்றும் கிடைக்காது.

பலகாரம் தனியாகப் பேச வேண்டிய விஷயம். தென் மாவட்டங்களில் கிறிஸ்துமஸ் பரிசு என்றாலே அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும் பலகாரத் தட்டுதான். குப்பையே இல்லாமல் காலங்காலமாக நடந்துவந்த பரிசு அது. இப்போது அட்டைப்பெட்டி, உள்ளே பிளாஸ்டிக் தட்டு, மேலே பளபளப்புத் தாள் என்று மாறிவிட்டது. கெடாமல் நிற்கும் ஒன்றைச் செய்ய வேண்டும் என்றால் முந்திரிக்கொத்து செய்யுங்கள். (பெயரில் முந்திரி இருந்தாலும் முந்திரிப்பருப்பு கிடையாது. உருண்டைகள் மூன்று மூன்றாக ஒட்டிப் பொரிவது முந்திரிப்பழக் குலை, அதாவது திராட்சைக் குலை மாதிரி இருக்கும்.)

அரைக் கிலோ பாசிப்பயறை வெறும் சட்டியில் சிவக்க வறுத்து ரவைப் பதத்துக்குத் திரித்துக்கொள்ளுங்கள். அரை மூடித் தேங்காய்த் துருவலை ஈரம் முழுக்கப் போய்ப் பொன்னிறமாகும் வரை வறுக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் எல்லாம் போச்சு. தேங்காயில் ஈரம் இருந்தால் இரண்டாம் நாளே சிக்கு வாடை வரும். நன்றாக வறுபட்டால் பத்து நாளுக்கு மேல் நிற்கும். 400 கிராம் கருப்பட்டியோ வெல்லமோ கரைத்து வடிகட்டிக் கம்பிப் பதம் வரக் காய்ச்சி, திரித்த மாவு, தேங்காய், வறுத்த எள் இரண்டு மேசைக்கரண்டி, ஏலக்காய், சுக்கு எல்லாவற்றையும் சூடாக இருக்கும்போதே கிளறி, கை பொறுக்கும் சூட்டில் நெல்லிக்காய் அளவுக்கு உருட்டுங்கள். ஏறக்குறைய 50 உருண்டை வரும். ராத்திரி முழுக்கத் தட்டில் பரப்பிக் காயவிட்டால்தான் மறுநாள் மாவில் முக்கும்போது உடையாது. மேல்மாவு பச்சரிசி மாவு ஒரு கப், மைதா கால் கப், உப்பு, சிட்டிகை மஞ்சள்தூள். தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கட்டும். தண்ணீராகப் போனால் எண்ணெயில் உருண்டை வெடித்துப் பூரணம் வெளியே வந்து எண்ணெயே கருகிவிடும். மூன்று உருண்டையைச் சேர்த்து முக்கி நடுத்தரத் தீயில் பொரித்தெடுத்து, முழுக்க ஆறிய பிறகு அடைக்க வேண்டும். எட்டு வீட்டுக்கு, வீட்டுக்கு ஆறு உருண்டை, அதாவது இரண்டு கொத்து கொடுக்கலாம்.

சூட்டோடு மூடினால் உள்ளே ஆவி நீராகிப் பலகாரம் நமத்துப்போகும். பிளம் கேக்கிலும் இதே தப்புதான் அதிகம் நடக்கிறது. வெளியே ஆறியிருந்தாலும் நடுவில் சூடு இருக்கும், சுற்றிவைத்த மூன்றாம் நாள் அடிப்பக்கம் பூஞ்சணம்.

எதில் வைத்துக் கொடுப்பது? எவர்சில்வர் சம்படத்தில் வைத்துக் கொடுத்து, பாத்திரம் திரும்ப வரவேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது நம் வழக்கம். கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் வரும், பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலோடு வந்தாலும் வரும். மூடியின் உட்புறம் வீட்டுப் பெயரை நகப்பாலிஷில் எழுதிவைத்தால் சம்படம் கலந்துபோகாது. கண்ணாடி பாட்டில் என்றால் பத்து நிமிஷம் கொதிநீரில் போட்டெடுத்து முழுக்கக் காயவைக்க வேண்டும். ஊறுகாய் இருந்த பாட்டிலில் கண்ணாடிக்கு வாடை போய்விடும், மூடிக்குப் போகாது. மூடியை மாற்ற முடியாவிட்டால் அந்த பாட்டிலில் இனிப்பு வைக்காதீர்கள். ஓலைப்பெட்டியில் முறுக்கு வைக்கிறவர்கள் அடியில் பச்சை வாழையிலை போடுகிறார்கள். பார்க்க அழகு, ஆனால் இலையின் ஈரத்தில் சாயங்காலத்துக்குள் முறுக்கு நமத்துவிடும். பட்டர் பேப்பர் போடுங்கள். செய்தித்தாள் மட்டும் வேண்டாம், அச்சு மை எண்ணெயோடு கலந்து பலகாரத்தில் இறங்கும்.

இனி உறை. பளபளப்புத் தாளில் எது காகிதம், எது பிளாஸ்டிக் என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். கையில் கசக்கி உருட்டிவிட்டு விடுங்கள். கசங்கியபடியே இருந்தால் காகிதம். மெல்ல விரிந்து எழுந்தால் பிளாஸ்டிக் படலம், பழைய பேப்பர் கடைக்காரர் எடுக்கமாட்டார். மினுக்குத் தூள் ஒட்டிய தாளும் மறுசுழற்சிக்கு உதவாது, மினுக்கு என்பதே பொடித்த பிளாஸ்டிக்தான். துணிப்பை மாதிரியே இருக்கும் கலர் கலரான பரிசுப் பைகளையும் உற்றுப் பாருங்கள். நெய்த இழை இருக்காது, புள்ளிப் புள்ளியாக அழுத்திய தடம் இருக்கும். ஓரத்தில் நூலளவு கிழித்துக் கொளுத்தினால் உருகிச் சொட்டும். பருத்தி என்றால் எரிந்து சாம்பலாகும். இந்த நெய்யாத பைகள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பிளாஸ்டிக்கில் அடங்கியவை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைப்பட்ட பட்டியலில் இனிப்புப் பெட்டிகளைச் சுற்றும் பிளாஸ்டிக் தாளும், அலங்காரத் தெர்மாகோலும் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிறவர்களும் இதைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

தாளை அளவாக வெட்டுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பக்கம்: பொருளைச் சுற்றி வரும் அளவு, அதோடு 3 சென்டிமீட்டர். மறு பக்கம்: பொருளின் நீளம், அதோடு தடிமனைப் போல இரண்டு மடங்கு. 22 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. தடிமன் உள்ள புத்தகத்துக்கு 36-க்கு 27 செ.மீ. தாள் போதும். தினசரியின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். கடையில் இதற்கு முழுத் தாளைச் சுற்றிவிடுவார்கள். செல்லோ டேப்புக்குப் பதில் வாழைநாரில் கட்டலாம். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைக்காவிட்டால் முடிச்சுப் போடும் இடத்திலேயே அறுந்துவிடும். ஊறவைத்த நாரை ஒரு துணியில் ஒற்றி எடுத்துவிட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் தாளில் நீர்த்தடம் விழும். துண்டே பரிசு என்றால் துண்டையே உறையாக்கிவிடலாம். சதுரத் துணியின் மூலைக்கு மூலை நீளம், பெட்டியின் நீளத்தைப் போல மூன்று மடங்கு இருந்தால் எதிரெதிர் மூலைகளை முடிய முடியும்.

சுற்றுவது கோணலாக வந்தால் கவலை வேண்டாம். அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்ததில், நண்பர்கள் கொடுத்த பரிசு அலங்கோலமாகச் சுற்றியிருந்தபோதுதான் உள்ளே இருந்த பொருள் அதிகம் பிடித்திருந்தது. நேர்த்தியான பொட்டலம் எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டுப் பொருளைச் சிறிதாக்கிவிடுகிறது. அதிகம் பழக்கமில்லாதவர்களுக்குக் கொடுக்கும்போது மட்டும் நேர்த்திக்கு மதிப்புக் கூடுகிறது.

துணிமணி கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தைக்காத சுடிதார்த் துணியை டிசம்பர் 20-க்குப் பிறகு கொடுத்தால் அது பண்டிகைக்கு ஆகாது, தையற்காரர் ஏற்கமாட்டார். தையல்கூலியும் பெற்றவர் தலையில்தான் விழும். நவம்பரிலேயே கொடுங்கள் அல்லது தையல்கூலியையும் சேர்த்து உறையில் வையுங்கள். சட்டை என்றால் பில்லின் பின்புறத்தைப் படியுங்கள். எத்தனை நாளுக்குள் மாற்றலாம் என்று இருக்கும், அது கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிடக்கூடும். பில்லையும் கடைச் சீட்டையும் கழற்றாமல் கொடுப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கடைப் பரிசுக் கூப்பனிலும் காலாவதி நாளைப் பேனாவால் பெரிதாக உறையின் மேல் எழுதிக் கொடுங்கள்.

ஓய்வுநாள் பள்ளியில் 60 பிள்ளைகளுக்கும் ஒரே பென்சில் பெட்டி கொடுப்பதுதான் வழக்கம், யாருக்கும் கூடக்குறைய ஆகக் கூடாது என்பதற்காக. அதே நியாயத்தைப் புத்தகத்தில் காட்டலாம். ஒரே விலையில் 60 வெவ்வேறு கதைப் புத்தகங்கள் வாங்குங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா போன்ற பதிப்பகங்களில் தமிழில் குழந்தைப் புத்தகங்கள் நிறைய உண்டு. முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரை எழுதி, உள்ளட்டையில் ஒரு காலிக் கட்டம் போட்டுவிடுங்கள், யார் யார் வாங்கிப் படித்தார்கள் என்று நிரப்ப. ஈஸ்டருக்குள் ஒவ்வொரு புத்தகமும் நாலு வீடு போய்வந்திருக்கும்.

பொம்மை வாங்குகிறவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மினுங்கும் சாண்டா தொப்பி, ஒளிரும் கைவளையம் இவற்றைச் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கொடுக்கவே வேண்டாம். ஒரு வாரத்தில் குப்பையாவது ஒரு பக்கம். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியைப் பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். அப்படி நேர்ந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பேட்டரி அறை திருகாணியால் மூடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது, பொம்மை வாங்கும்போது முதலில் செய்யவேண்டிய வேலை.

குழந்தைகள் இல்லங்களுக்கு டிசம்பர் கடைசி வாரத்தில் கேக்கும் பிரியாணியும் குவியும், பிப்ரவரியில் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். முதலில் பொறுப்பாளருக்குப் போன் செய்து, எந்த நாளில் யார் சாப்பாடு தருகிறார்கள், எந்தெந்த வயதில் எத்தனை பிள்ளைகள், இப்போது எது குறைவு என்று கேளுங்கள். பெரும்பாலும் அளவு பார்த்து வாங்கிய உள்ளாடை, சானிட்டரி நாப்கின், போர்வை, ஒரு மாதத்துக்குச் சமையல் எண்ணெய் என்பது போலப் பட்டியல் வரும். உங்கள் பணத்தில் பாதியை ஒதுக்கி, ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கு நோட்டும் பையும் வாங்கித் தருவதாகத் தேதி குறித்துச் சொல்லலாம். பழைய துணி கொடுத்தால் துவைத்து, பொத்தான் தைத்து, சித்தி பிள்ளைக்குக் கொடுக்கத் தகுந்ததை மட்டும் கொடுங்கள். பிள்ளைகளோடு போட்டோ எடுத்துப் போடாதீர்கள். இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது.

வீட்டு வேலை செய்கிற அக்கா, காவலாளி அண்ணன், ஆலயத்தில் மணி அடிக்கிறவர், இவர்களுக்குப் பணமாக உறையில் கொடுங்கள், அதுவும் பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால். உங்களுக்கு வந்து வேண்டாமல்போன பரிசை அவர்கள் கையில் தள்ளுவது, குப்பையை அவர்கள் வீட்டுக்கு அனுப்புவதுதான்.

வேண்டாத பரிசுக்கு வேறு வழி இருக்கிறது. ஜனவரி 6, ஞானிகள் வந்ததை நினைக்கும் நாள். அதை ஒட்டி வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு மேசை போடுங்கள். (அந்த ஞானிகள் கொண்டுவந்தவை பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம். பரணில் ஏற்றிவைக்கிற சாமான் அதில் ஒன்றுகூட இல்லை. வெள்ளைப்போளம் இன்றைக்கும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது.) பிரிக்காத, பழுதில்லாத பொருளை யார் வேண்டுமானாலும் மேசையில் வைக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். மனவருத்தம் வராமலிருக்க, பொருள்களை முந்தின நாளே போதகரம்மா வீட்டில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். எது யாரிடமிருந்து வந்தது என்று தெரியாது. தின்பண்டமாக இருந்தால் காலாவதி நாளைப் பார்த்துவிட்டே மேசைக்கு அனுப்ப வேண்டும்.

கடைசியாக, ஏற்கெனவே பரணில் இருக்கும் கோப்பைகள். அவற்றையெல்லாம் இறக்கி ஆலயத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆராதனைக்குப் பிறகு தேநீர் கொடுக்கும் காகிதக் கப்பின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு உண்டு, 2019 தடையில் அதுவும் அடக்கம். 40 கோப்பைகள் சேர்ந்தால் வாலிபர் கூட்டத்துக்குக் கப் வாங்கும் செலவே இல்லை. மூன்று வாளி போதும்: முதலாவதில் கழுவல் தூளும் வெந்நீரும், இரண்டாவதில் சுத்தத் தண்ணீர், மூன்றாவதில் கொதிக்கக் காய்ச்சிய தண்ணீர். விளிம்பு சிதைந்ததையும் கைப்பிடியில் கீறல் விட்டதையும் தேநீருக்கு வைக்காதீர்கள், சூட்டில் கைப்பிடி கழன்று வந்துவிடும். அவற்றில் கற்பூரவல்லிக் கிளையை நட்டு ஜன்னலோரம் வைக்கலாம். அடியில் துளை இல்லாததால் தண்ணீரை மட்டும் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.